எந்திரி சிஸ்டரின் பத்து மாத நடை

அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்கு 'எந்திரி சிஸ்டர்' என்று பெயர். வயிற்றைக் கிழித்துத் தைத்த மறுநாள் காலையில், கண்ணை மூடிக்கொண்டு முனகிக் கிடப்பவர்களின் தலைமாட்டில் போய் நின்று அவள் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். "எந்திரிங்க. பத்து அடி நடக்கணும்." கெஞ்சினால் மசியமாட்டாள். திட்டினால் கோபித்துக்கொள்ளமாட்டாள். "என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க, நடந்துக்கிட்டே திட்டுங்க" என்பாள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், குடல் அசையாது என்று விரல் மடக்கிச் சொல்வாள். முப்பத்துநான்கு வருடத்தில் அவள் எழுப்பி நடக்கவிட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்து ரயில் நிலையத்தைத் தாண்டிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்டவள், ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம், சர்க்கரை இருநூற்று அறுபது என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாளுக்கு அரைமணி நேரம் நடக்க முடியாமல் திண்டாடினாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

கணவர் போய்ப் பல வருடம். வீட்டில் அவளும் மகளும்தான். மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவள். சீட்டைப் பார்த்த அன்றே போய் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தாள். தெருக்கோடியில் வட்டமாக நடைபாதை போட்ட பூங்கா ஒன்று இருந்தது. எட்டுச் சுற்று சுற்றினால் அரைமணி நேரம்.

முதல் நான்கு நாள் சிஸ்டர் ஒழுங்காகச் சுற்றினாள். ஐந்தாம் நாள் தூறல். ஆறாம் நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உலகமே தூங்குகிறது. எட்டாம் நாள் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கட்டில் விளிம்பில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"செக்குமாடு சுத்துனா எண்ணெயாவது வரும்" என்றாள் மகளிடம். "நான் சுத்துனா என்ன வருது?"

"சுகர் இறங்குதும்மா."

"அது கண்ணுக்குத் தெரியுதா?"

"ஊருக்கெல்லாம் எந்திரி எந்திரின்னு சொன்னது நீதானே? ஊருக்குத்தான் உபதேசமா?"

அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து தினமும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பூங்காவுக்குப் போய், வாதாமரத்தடி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து, நடக்கிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு, "எட்டுச் சுற்று" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. ஷூவின் அடிப்பாகம் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருப்பதை மகள் ஒருநாள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் மட்டும் கூட்டிப் போனாள்.

அந்த டாக்டர் படிப்பு முடித்து முதன்முதலில் பயிற்சிக்கு வந்தது சிஸ்டரின் வார்டுக்குத்தான். சீழ் கோத்த ஒரு காயத்தைப் பார்த்துத் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டவரை, யாருக்கும் தெரியாமல் மருந்தறைக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தவள் அவள். அந்த மரியாதை அவருக்கு இன்றைக்கும் உண்டு. சீட்டைப் பார்த்தார். இருநூற்று எழுபது.

"நடக்க முடியல டாக்டர், பூங்கா பெஞ்சுல உக்காந்துட்டு வரேன்" என்று மகளை வைத்துக்கொண்டே அவரிடம் உண்மையைச் சொன்னாள். "எல்லாம் தெரியும். என்ன ஆகும்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். கால் அறுத்த கேஸெல்லாம் நான் பாத்ததுதான். ஆனா காலையில எந்திரிச்சா, எதுக்குன்னு ஒரு கேள்வி வந்து குறுக்க நிக்குது. இவ்வளவு சோம்பேறியா நான்?"

"சோம்பேறி இல்ல சிஸ்டர். உடம்பு ஒரு கஞ்சன். காரணம் கேக்காம ஒரு அடி செலவு பண்ண விடாது. சாப்பாடு தேடிக் காட்டுல அலைஞ்ச காலத்துல சும்மா சுத்தினவன் பட்டினியில செத்திருப்பான். தேவைன்னா ஓடு, இல்லைன்னா உக்காருன்னு உடம்பு அப்பவே கத்துக்கிச்சு. அது இன்னும் மறக்கல. உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான். வாங்கின சைக்கிள் ரெண்டு வருஷமா மாடியில நிக்குது."

அவள் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் பட்டது. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்திருக்கிறாள். நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு அடி வைத்ததில்லை. ஒவ்வொரு நடையின் கடைசியிலும் ஒரு கட்டில் இருந்தது, அதில் ஒரு ஆள் இருந்தார். டாக்டர் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகளுக்கு அது யோசனையாகப் பட்டது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும், லினன் அக்கா போன் செய்தாள்.

லினன் அக்கா ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்குப் பொறுப்பில் இருந்தவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைத் துணி எல்லாம் அவள் கைக்கணக்கு. ஒரு விரிப்புக் குறைந்தாலும் விடமாட்டாள், ஒன்று கூடினாலும் விடமாட்டாள். சிஸ்டரைவிட நான்கு வயது மூத்தவள். சிஸ்டரின் கணவர் இறந்தபோது ஒரு மாதம் கூடவே வந்து இருந்தவள். இப்போது ஊரின் மறுபக்கத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தாள்.

"எனக்குப் பிரஷர் ஏறி இறங்குதாம்டி" என்றாள் போனில். "தினம் காலையில ஒரே நேரத்துக்குப் பாத்து எழுதி வைக்கணுமாம். இங்க பக்கத்துல ஒரு பொண்ணு பாக்குது, ஒரு தடவை நூத்தி அறுபதுங்குது, அடுத்த தடவை நூத்திப் பத்துங்குது. எனக்கு உன் கையை விட்டா வேற கை நம்பிக்கையில்ல. உன்னால முடியுமா? கஷ்டம்னா வேண்டாம்."

"என்னக்கா பேச்சு இது? நாளைக்கே வரேன்."

பஸ்ஸில் போவதென்றால் இரண்டு பஸ் மாறி ஊரைச் சுற்ற வேண்டும். நடந்தால் முப்பத்தைந்து நிமிடம். சிஸ்டர் கணக்குப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் ஆறேகாலுக்குப் பிரஷர் மெஷின், ஸ்டெத், கோடு போட்ட ஒரு நோட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, அச்சாபீஸைத் தாண்டி, மரப்பட்டறையைத் தாண்டி, ரயில்பாதைக்கு அடியில் நுழைந்து, பள்ளிக்கூட மதில் ஓரமாகவே போய், தையல் கடையின் பக்கவாட்டுப் படி பதினெட்டையும் ஏறினாள்.

அப்படிப் பத்து மாதம்.

முதலில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, பிறகு உட்காரவைத்து ஒரு தடவை பார்ப்பாள். மேல் எண்ணைச் சிவப்பு மையிலும் கீழ் எண்ணை நீல மையிலும் எழுதுவாள். நாடித்துடிப்பு ஓரத்தில். "பேசாதீங்கக்கா, பேசினா ஏறும்" என்று அதட்டுவாள். லினன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரிப்பாள். பிறகு இருவரும் தேநீர் குடிப்பார்கள். செத்தவர்கள், ஓடிப்போனவர்கள், பழைய சூப்பிரண்டின் டோப்பா முடி என்று எல்லாம் பேச்சில் வந்து போகும். லினன் அக்கா ஒரு தகர டப்பாவைத் திறந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். எட்டு மணிக்கு சிஸ்டர் திரும்பி நடப்பாள்.

மழையில் போனாள். முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு போனாள். உடம்பு கொதித்த ஒருநாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போய், வாசலில் நின்றபடியே கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாள். பூங்கா பெஞ்சைவிட்டு எழாதவள் இவளா என்று அவளுக்கே வியப்பு. காரணம் இருந்தால் கால் தானாக நடக்கிறது. அதுவும், நம்மை நம்பி ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஏழாம் மாதம் வெளியூரில் இருந்த தங்கை கூப்பிட்டாள். கண்ணில் ஆபரேஷன், பத்து நாள் கூட வந்து இரு என்றாள். சிஸ்டர் தவித்துப்போனாள். பத்து நாள் அளவெடுக்காவிட்டால் லினன் அக்காவுக்கு என்ன ஆகும்? வேறு யாரையும் அவள் நம்பவும் மாட்டாளே? மகளிடம் யோசனை கேட்டாள். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சித்திக்கு நான் லீவு போட்டுட்டுப் போறேன், நீ இங்கேயே இரும்மா" என்றாள்.

தங்கைக்கு அது ஆறவில்லை. "கூடப் பொறந்தவ கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ யாருக்கோ கைக்குப் பட்டை கட்டிக்கிட்டு இரு" என்று போனை வைத்தவள், பிறகு எடுக்கவே இல்லை.

சிஸ்டர் அதையும் விழுங்கிக்கொண்டாள். ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப்பதினெட்டு. மகள் சீட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். "எல்லாம் அந்தப் புண்ணியவதி பிரஷரால வந்தது" என்றாள் சிஸ்டர். மகள் அதற்கும் சிரித்தாள்.

பத்தாம் மாதம் நோட்டு நிறைந்துவிட்டது. புது நோட்டு போடுமுன் பழையதை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நூற்று இருபத்திரண்டு, நூற்றுப்பதினெட்டு, நூற்று இருபத்தாறு. ஒரு நாள்கூட நூற்று முப்பதைத் தாண்டவில்லை. வார்டில் இருந்திருந்தால் இரண்டாம் வாரமே கேட்டிருப்பாள். இப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சீராக இருக்கிறவளுக்கு எதற்கு இன்னும் மாத்திரை? அளவு அதிகமாகிவிட்டால் ஒருநாள் தலைசுற்றி அந்தப் பதினெட்டுப் படியில் உருள்வாளே! லினன் அக்காவிடம் மாத்திரைப் பெயரைக் கேட்டால், "ஏதோ ஒண்ணுடி, வெள்ளையா இருக்கும்" என்று மழுப்பினாள். லினன் அக்காவும் அந்த டாக்டரிடம்தான் காட்டிக்கொள்வாள். சிஸ்டர் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"எனக்காக வரல டாக்டர். லினன் அக்காவுக்காக. பத்து மாசத்துக் கணக்கு, ஒரு நாள் விடல. மாத்திரையைக் குறைக்கணும்னு எனக்குத் தோணுது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் நோட்டைத் திறந்தார். சிவப்பும் நீலமுமாகப் பக்கம் பக்கமாக ஓடியதைப் பார்த்தார். எத்தனையோ வேலைக்கு நடுவில் இருந்த மனிதர், யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"அவங்களுக்குப் பிரஷர் மாத்திரையே கிடையாதே சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

"அப்ப தினமும் சாப்பிடறது?"

"கால்சியம்" என்றார் மெதுவாக. "எலும்புக்கு."

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ இருமினார்கள். சிஸ்டர் நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முப்பத்துநான்கு வருடம் டாக்டர்களின் முகத்தைப் படித்தவள். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரோட யோசனை?"

"உங்க பொண்ணு வந்து கேட்டாங்க. காரணம் இருந்தா நடப்பாங்கன்னு நான்தானே சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். பலன் பாருங்க, உங்க சுகர் நூத்திப்பதினெட்டு..."

"இந்த நோட்டை ஒரு நாளாவது யாராவது பாத்தீங்களா?"

அவர் நோட்டை மூடினார்.

அவள் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நடந்து வீட்டுக்குப் போகத் தெம்பில்லை. ஆட்டோ பிடித்தாள்.

மகள் அலுவலகத்திலிருந்து வந்து பையைக் கழற்றுவதற்குள், "லினன் அக்காவுக்குப் பிரஷர் இல்லையாம்" என்றாள் சிஸ்டர்.

மகள் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"வேற என்னம்மா பண்ணச் சொல்ற? ஷூ வாங்கிக் குடுத்தேன், சண்டை போட்டேன், அழுதேன். நீ பெஞ்சுல உக்காந்துட்டு வந்து எட்டுச் சுத்துன்னு சொன்ன. அது மட்டும் பொய்யில்லையா?"

"பொய்தான். அந்தப் பொய்யில கெட்டது என் உடம்பு. உன் பொய்யில? என் தங்கச்சி கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெடந்தப்போ நான் இங்க ஒரு கல்லுக்குண்டு மனுஷிக்குப் பட்டை சுத்திக்கிட்டு இருந்தேன். உங்கிட்டதானே கேட்டேன் போகவா வேண்டாமான்னு? அப்பவாவது உன் வாய்ல உண்மை வந்திருக்கணும்ல?"

"சொன்னா எல்லாம் நின்னு போயிடும்னு பயந்தேன்."

"எனக்கு என்ன வலிக்குது தெரியுமா? நர்ஸ் வேலைதான் என் பலவீனம்னு மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தூண்டில்ல அதைத்தான் கோத்திருக்கீங்க."

மகள் அழுதாள். சிஸ்டர் அழவில்லை. சமையலறைக்குப் போய் விளக்கின பாத்திரங்களையே திரும்ப விளக்கினாள்.

மறுநாள் ஆறேகாலுக்கு அவள் கிளம்பவில்லை. ஏழரைக்குப் போன் அடித்தது, எடுக்கவில்லை. பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லினன் அக்கா இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தாள். முட்டிவலி மட்டும் உண்மை.

"திட்டுடி" என்றாள் உட்கார்ந்ததும்.

"ஒரு விரிப்புக் குறைஞ்சா ஊரைக் கூட்டுவீங்களே அக்கா. பத்து மாசம் எப்படி முகத்தைப் பாத்துப் பொய் சொன்னீங்க?"

"மொத மாசம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம்..." லினன் அக்கா சற்று நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "அப்புறம் நீ வரணும்னு இருந்துச்சு. ஒத்தை ரூம்ல விடியறதும் தெரியாது, அடையறதும் தெரியாது. படியில உன் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடியும். போதும், சொல்லிடலாம்னு உன் பொண்ணே ஒரு தடவை சொன்னா, உன் தங்கச்சி விஷயத்தப்போ. நான்தான் வேண்டாம்னேன். சொன்னா நீ வராம போயிடுவேன்னு."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். மகள் செய்ததற்குச் சாக்காவது இருந்தது. இதற்கு?

"தனியா இருக்கேன், வந்து போன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"தினமும் வந்திருப்பியா?"

அதற்கு சிஸ்டரால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததே அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. "போயிட்டு வாங்க அக்கா" என்றாள். லினன் அக்கா போகும்போது கைபிடித்து இறக்கிவிட்டாள். முட்டிவலிக்காரியை விழவிடும் அளவுக்கு அவள் மனம் கல்லாகவில்லை.

அந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை முதலில் சிரித்தேவிட்டாள். "சுண்டெலிக்கு வடை வெச்ச மாதிரி வெச்சிருக்காங்கக்கா!" அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "உள்ள வா" என்றாள். சிஸ்டர் அங்கே இருபது நாள் இருந்தாள். தங்கையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து தேவைப்படும் காலமெல்லாம் முடிந்திருந்தது. செய்ய ஒன்றுமில்லை. இருவரும் பழைய புகைப்படங்களைப் பார்த்தார்கள். தங்கை பேசினாள், ஆனால் பழைய பேச்சு இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவே.

திரும்பி வந்த பிறகு சிஸ்டர் நடந்து பார்க்காமல் இல்லை. அதே ஆறேகாலுக்குக் கிளம்பி மரப்பட்டறை வரை போனாள். பாதிவழியில் கால் நின்றது. பத்து மாதம் நடந்து பழகிய கால், இனிமேல் தானாகப் போகும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். பழக்கமாவது ஒன்றாவது! போய்ச் சேர ஒரு இடம் இல்லை என்று தெரிந்ததும் கால் பழைய கேள்வியைக் கேட்டது. சொந்த உடம்பும் கூட்டுச் சேர்ந்து கழுத்தறுத்துவிட்டது என்று தோன்றியது.

ஆறு மாதம் கழித்துச் சர்க்கரை இருநூறு. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிருங்க சிஸ்டர்" என்றார். "உண்மையைச் சொல்லி உங்களை நடக்கவைக்க எனக்குத் தெரியல."

"உண்மையைக் கேட்டு நான் நடக்கலைன்னா, அது என் உடம்பு டாக்டர், என் கணக்கு. நான் தோத்தாலும் நான்தான் தோத்தேன். பொய்யைக் கேட்டு நடந்தேனே, அப்ப நடந்தது யாரு?"

அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அவள் மாத்திரையின் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அறுபத்துமூன்று. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கிறாள், மற்ற நாளில் நடப்பதில்லை. நடந்த நாளில் நடந்தேன் என்கிறாள், நடக்காத நாளில் இல்லை என்கிறாள். லினன் அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை போகிறாள். இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள். தேநீர் குடிக்கிறார்கள், கொஞ்சம் பேசுகிறார்கள். கையை நீட்டச் சொல்வதில்லை.

மகளோடும் பேச்சு உண்டு, சாப்பாடு உண்டு, சண்டை இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள், "பால் தீந்துடுச்சும்மா, கடை வரைக்கும் போயிட்டு வரியா?" என்று கேட்டபோது, சிஸ்டர் செருப்பை மாட்டப் போனவள் நின்றாள். சமையலறைக்குத் திரும்பிப் போய்ப் பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

பாத்திரம் காலியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது மகள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போனாள்.